சிறிய அணி, தெளிவான எக்காளம்



நீதித் தலைவர்கள் நூல் 7ஆம் பிரிவில் வரும் கிதியோனின் நிகழ்வு நமக்கு நன்கு தெரிந்ததே. மிதியானியரை எதிர்க்க 32,000 பேர் திரண்டு வந்தார்கள். இத்தனை பேர் வேண்டாம் என்றார் இறைவன். அஞ்சுவோர் வீடு திரும்பலாம் என்று சொன்னதும் 22,000 பேர் கிளம்பிவிட்டார்கள். எஞ்சிய 10,000 பேரும் அதிகம் என்று, இறுதியில் 300 பேர் மட்டுமே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் கைகளில் இருந்தவை எக்காளமும், பானைக்குள் மறைத்த தீப்பந்தமும். மூன்று பிரிவாகப் பிரிந்து, அவரவர்க்குரிய இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் ஊதினார்கள். ஒரே நேரத்தில் பானைகளை உடைத்தார்கள். பெரும்படை சிதறி ஓடியது.

தன் இடத்தை அறிந்து, தன் நேரத்தை அறிந்து, ஒன்றாக ஊதிய ஒரு சிறு கூட்டம். இந்த வரியை மனதில் வைத்துக்கொண்டு, இன்று சற்று வித்தியாசமான ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம். அமெரிக்காவில் 'டிரம் அண்ட் பியூகிள் கோர்' என்று அழைக்கப்படும் முரசு, ஊதுகொம்பு அணிகளைப் பற்றியும், அப்படி ஒரு சிறிய போட்டி அணியைத் தொடங்குவது எப்படி என்பதைப் பற்றியும் பேச விரும்புகிறோம். மறையுரை நேரத்தில் இது எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். அந்த அணிகளில் பல, கத்தோலிக்கப் பங்குகளில் பிறந்தவை. அவை வளர்ந்த கதையிலும் விழுந்த கதையிலும் இளையோரை வழிநடத்தும் எந்தப் பங்குக்கும் பாடம் இருக்கிறது.

நம் திருவிழாத் தேர்பவனிக்கு முன்னால் செல்லும் பேண்டு வாத்தியத்தை முதலில் நினைத்துக்கொள்வோம். அதில் கிளாரினெட் இருக்கும், சாக்சபோன் இருக்கும். நாம் பேசும் அணியில் இவை இல்லை. பித்தளை ஊதுகருவிகள், முரசுகள், கொடி வீசும் குழு ஆகிய மூன்று மட்டுமே. இவர்கள் தெருவில் நேராக நடந்து போவதோடு நிற்பதில்லை. கால்பந்துத் திடலின் நடுவே, வாசித்துக்கொண்டே நடந்து, வட்டமாகவும் சதுரமாகவும் வளைகோடாகவும் உருமாறுவார்கள். நடுவர்கள் அதைப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள்.

இதன் தொடக்கம் படைமுகாம்களில். பியூகிள் என்பது விரலால் அழுத்தும் வால்வு இல்லாத கொம்பு. உதட்டின் இறுக்கத்தை மாற்றித்தான் சுரத்தை மாற்ற வேண்டும். ஆகவே சில சுரங்கள் மட்டுமே கிடைக்கும். படைவீரர்களை எழுப்பவும், உணவுக்கு அழைக்கவும், இறந்தவருக்கு இறுதி வணக்கம் செலுத்தவும் அது போதுமானதாக இருந்தது. முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் இந்தக் கொம்புகளையும் முரசுகளையும் கொண்டு அணிகள் அமைத்தார்கள். பிறகு அவற்றைச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இங்கேதான் திருஅவை நுழைகிறது. சிகாகோவில் துணை ஆயர் பெர்னார்டு ஷீல் அவர்கள் 1930இல் கத்தோலிக்க இளையோர் அமைப்பைத் தொடங்கினார். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. அதே ஆண்டுகளில் பல பங்குகள் இசை அணிகளை நடத்தத் தொடங்கின. நியூ ஜெர்சி மாநிலத்தின் கார்ஃபீல்டு நகரில், 1934இல் ஒரு பங்கில் 'ஹோலி நேம் கேடட்ஸ்' அணி பிறந்தது. பாஸ்டன் நகரின் ஹைடு பார்க் பகுதியில், ஆண்டவரின் விலைமதிப்பற்ற திரு இரத்தத்தின் பெயரைத் தாங்கிய பங்கில், 1940இல் இன்னோர் அணி பிறந்தது. 'பாஸ்டன் குரூசேடர்ஸ்' என்ற பெயரில் அது இன்றும் முன்னணி அணிகளுள் ஒன்று.

1971இல் அணிகள் பல கூடி 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பை உருவாக்கின. 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் நகரில் அதன் முதல் பெரும் போட்டி நடந்தது. நாடு முழுவதும் பயணம் செய்யும் கோடைகாலப் போட்டிகள் வந்தன. இசை வளர்ந்தது, கலை வளர்ந்தது, செலவும் வளர்ந்தது. செலவைத் தாங்கமுடியாத சிறிய அணிகள், குறிப்பாகப் பங்கு அணிகள், ஒவ்வொன்றாக மறைந்தன. ஆகவே இன்று ஒரு சிறிய அணியைத் தொடங்க விரும்புவோர், பெரிய அணிகளைப் போல ஆக வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு முன், சிறிய அணிகள் ஏன் மறைந்தன என்று கேட்பது நல்லது.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தி 14ஆம் பிரிவில் இயேசு சொல்கிறார். கணக்கு என்றதும் நமக்குப் பணம் நினைவுக்கு வருகிறது. இங்கே முதல் கணக்கு ஆள்கணக்கு. பித்தளைக் கருவிகளுக்கு ஒரு பயிற்சியாளர், முரசுக்கு ஒருவர், கொடிக்குழுவுக்கு ஒருவர், வரவு செலவு பார்க்க ஒருவர், பிள்ளைகளின் பாதுகாப்பை மட்டுமே கவனிக்க ஒருவர் வேண்டும். சீருடை தைக்கவும், சமைக்கவும், வண்டி ஓட்டவும் பெற்றோர் சிலர் வேண்டும். எல்லாவற்றையும் ஆர்வமுள்ள ஒருவரே செய்தால் முதல் ஆண்டு நன்றாகத்தான் இருக்கும். அவர் வேலை மாறிப்போகும் நாளில் அணியும் கலைந்துபோகும். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனதும் நின்றுபோன நல்ல முயற்சிகளை நம் பங்குகளில் நாமே பார்த்திருக்கிறோம் அல்லவா? மூன்றாம் ஆண்டில் இதை யார் நடத்துவார் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகு கருவி வாங்கப் போகலாம்.

அடுத்தது கருவிகள். புதியவை தேவையில்லை. பெரிய அணிகள் தாங்கள் பயன்படுத்திய கருவிகளை விற்பதுண்டு. பள்ளிகள் கோடை விடுமுறையில் இரவல் தருவதும் உண்டு. இதில் ஓர் எச்சரிக்கை. பழைய பியூகிள்கள் 'ஜி' சுருதியில் அமைந்தவை. பள்ளிகளில் பிள்ளைகள் பழகும் டிரம்பெட் 'பி பிளாட்' சுருதியில் அமைந்தது. இரண்டையும் கலந்தால் ஒரே தாளைப் பார்த்து இருவரும் வாசிக்க முடியாது. சுருதி சேர்ப்பதும் கடினம். விலை மலிவு என்று பத்துப் பழைய கொம்புகளை வாங்கிவிட்டு, பிறகு வருந்துவதில் பயனில்லை. 2000ஆம் ஆண்டு முதல் போட்டி விதிகள் எந்தச் சுருதியிலுள்ள பித்தளைக் கருவியையும் அனுமதிக்கின்றன. எனவே பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கைவந்த கருவியிலேயே தொடங்குவது அறிவுடைமை.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்கவும் வேண்டாம். கலிபோர்னியாவின் 'புளூ டெவில்ஸ்' அணி இன்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் 1957இல் அது தொடங்கியபோது அதில் ஊதுகொம்பே இல்லை. முரசும், மணிபோல் ஒலிக்கும் உலோகப் பட்டைக் கருவியும்தான் இருந்தன. 1970 வாக்கில்தான் கொம்புகள் சேர்ந்தன. பத்து ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்த அணி அது. விதைத்த மறுநாளே அறுவடை கேட்கும் நமக்கு இது நல்ல பாடம்.

முப்பது பிள்ளைகள் கிடைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் பிரிப்பது? பித்தளைக்குப் பதினான்கு பேர்: டிரம்பெட் ஆறு, நடுத்தரக் குரலுக்கு மெல்லபோன் மூன்று, அதற்குக் கீழே பாரிட்டோன் மூன்று, அடித்தளமாகத் தோளில் தாங்கும் டியூபா இரண்டு. நடந்துகொண்டே வாசிக்கும் முரசுக்கு ஐவர்: ஸ்நேர் இரண்டு, டெனர் ஒன்று, பாஸ் டிரம் இரண்டு. திடலின் முன்புறம் ஓரிடத்தில் நின்று மரிம்பா, வைப்ரபோன், சிம்பல் வாசிக்க நால்வர். கொடிக்குழுவுக்கு ஆறு பேர். கைவீசி எல்லாரையும் வழிநடத்தும் டிரம் மேஜர் ஒருவர். முப்பது ஆயிற்று. எல்லாரும் டிரம்பெட்தான் கேட்பார்கள். மேல்சுரம் பாட ஆசைப்படாதவர் யார்? ஆனால் டியூபா இல்லாத அணி, அடித்தளம் இல்லாத ஆலயம். அந்தக் கனமான கருவியைச் சுமக்க முன்வரும் பிள்ளையை எல்லார் முன்னும் பாராட்டுவது பயிற்சியாளரின் கடமை.

புல்லாங்குழல் மட்டுமே தெரிந்த ஒரு சிறுமி வந்தால்? இந்த அணியில் அதற்கு இடமில்லை. ஆனால் சிறுமிக்கு இடமுண்டு. சுரம் வாசிக்கத் தெரிந்தவர் மரிம்பாவை விரைவில் பிடித்துக்கொள்வார். ஒன்றுமே வாசிக்கத் தெரியாதவர் கொடிக்குழுவில் சேர்ந்து பழகலாம். சிறிய அணியின் பெரிய வரம் இது. பெரிய அணிகள் நூற்றுக்கணக்கானோரைச் சோதித்து, சிறந்தவரைத் தேர்ந்து, மற்றவரைத் திருப்பி அனுப்புகின்றன. சிறிய அணி, வந்தவரை வைத்துக்கொண்டு அவரைச் சிறந்தவராக்க முயல்கிறது. பன்னிருவரை இயேசு தேர்ந்துகொண்ட முறையும் இதற்கு நெருக்கமானதே.

பயிற்சி கருவியில் தொடங்குவதில்லை, நிற்பதில் தொடங்குகிறது. பிறகு மூச்சு. நான்கு எண்ணிக்கைக்கு உள்ளிழுத்து, எட்டு எண்ணிக்கைக்கு வெளிவிட வேண்டும். பிறகு நடை. அமெரிக்கக் கால்பந்துத் திடலில் 5 கஜத்துக்கு ஒரு கோடு இருக்கும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சரியாக எட்டு அடிவைப்பு. அதாவது ஒவ்வோர் அடிவைப்பும் இருபத்திரண்டரை அங்குலம். ஆறடி இளைஞனுக்கும் ஐந்தடிகூட எட்டாத சிறுமிக்கும் அதே அளவுதான். நெட்டையானவர் தன் காலைச் சுருக்க வேண்டும். குட்டையானவர் எட்டி வைக்க வேண்டும். ஆலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வாரக்கணக்கில் இதையே பழகலாம். ஒருவர் மற்றவருக்காகத் தன் நடையை மாற்றிக்கொள்ளக் கற்கும் வேறு எந்த வகுப்பு இவ்வளவு கண்கூடாக இருக்கிறது?

இதைவிட ஆழமான ஒரு பாடம் ஒலியில் இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. திடலின் நீளம் 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டர். ஒரு கோடியில் அடிக்கும் முரசொலி மறுகோடிக்கு வர கால் நொடிக்குச் சற்று அதிகமாகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில், அது அரைத் தட்டுக்கும் மேல். ஆகவே தொலைவில் இருப்பவர் தன் காதை நம்பி முரசோடு சேர்ந்து ஊதினால், தவறாமல் பிந்திவிடுவார். தான் சரியாக வாசிப்பதாகவே அவருக்குத் தோன்றும். பார்ப்பவருக்கோ குழப்பமாகக் கேட்கும். எனவே பின்னால் நிற்போர் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும். முன்னால் நிற்போர் பின்னாலிருந்து வரும் ஒலியைக் கேட்டு அதோடு சேர வேண்டும். தன் காதுக்குச் சரியென்று படுவது எல்லாம் சரியாகிவிடாது என்பதைப் பதினைந்து வயதில் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய ஞானம்! சிறிய அணிக்கு எளிய வழியும் உண்டு. திடல் முழுவதும் பரவாமல், நடுப்பகுதியில் நெருக்கமாக நின்றால் இந்தச் சிக்கல் குறையும். ஒலியும் நிறைவாகக் கேட்கும்.

நிகழ்ச்சியை அமைப்பதிலும் இதே அடக்கம் தேவை. பெரிய அணிகள் பத்து, பன்னிரண்டு நிமிடம் நிகழ்ச்சி தருகின்றன. சிறிய அணி அவற்றைப் பின்பற்றிப் பாதியில் மூச்சுத் திணறுவதைவிட, ஐந்து நிமிடம் தெளிவாக வாசிப்பது மேல். எட்டாத உச்ச சுரங்களை எழுதி வைத்து, அதைத் தொடும்படி பிள்ளைகளை வருத்தக்கூடாது. இருக்கும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி இசையை எழுத வேண்டும். உரிமை பெறாமல் பிறர் இசையை மாற்றியமைப்பது சட்டப்படி தவறு என்பதையும் மறக்கக்கூடாது. காப்புரிமைக் காலம் முடிந்த பழைய பாடல்களும் இசைப்படைப்புகளும் ஏராளமாக உண்டு.

இனி போட்டி. முன்பு நடுவர்கள் திடலில் கூடவே நடந்து, காணும் ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு மதிப்பெண் குறைத்துக்கொண்டே போவார்கள். 1980களின் முற்பகுதியில் இந்த முறை கைவிடப்பட்டது. இன்று, எதைச் சாதித்தார்கள் என்று பார்த்து மதிப்பெண் கூட்டப்படுகிறது. மொத்தம் நூறு: நிகழ்ச்சியின் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. நடுவர்கள் பார்த்துக்கொண்டே தங்கள் கருத்துகளைக் குரலில் பதிவுசெய்து அணிக்குத் தருகிறார்கள். பயிற்சியாளர்கள் அதைக் கேட்டு மறுநாள் திருத்துகிறார்கள். பிழைகளை மட்டும் எண்ணுவதிலிருந்து நன்மையையும் காண்பதற்கு நடுவர்கள் மாறியிருக்கிறார்கள். வீட்டில் நம் பிள்ளைகளிடம் நாம் இன்னும் பழைய முறையில்தான் மதிப்பெண் போடுகிறோமா என்று நம்மை நாமே கேட்டுப் பார்க்கலாம்.

தொடக்க அணிக்கு ஏற்ற சிறிய வாயில் ஒன்றும் உண்டு. 'சவுண்ட்ஸ்போர்ட்' என்ற பிரிவில் ஐந்து பேர் கொண்ட குழுகூடப் பங்கேற்கலாம். அங்கே தரவரிசையைவிடத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற தரமே முதன்மை பெறுகிறது. ஒருவர் தங்கம் பெற மற்றவர் தோற்க வேண்டியதில்லை. அங்கே சில ஆண்டுகள் பழகி, பிறகு சிறிய அணிகளுக்கான திறந்த பிரிவுக்குப் போகலாம்.

செலவுக்கு என்ன வழி? அமெரிக்க அணிகள் பலவற்றைப் பல்லாண்டு தாங்கியது பிங்கோ விளையாட்டு. நம் திருவிழாவில் தம்போலா நடத்துவது போலத்தான். பயணத்தில் விடுதி அறை கிடையாது. பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தின் தரையில்தான் உறக்கம். பெற்றோர் சமைத்த உணவுதான் விருந்து.

நேயர்களே, இப்போது கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 1934இல் ஒரு பங்கில் பிறந்த கேடட்ஸ் அணியைக் குறிப்பிட்டோம். பின்னாளில் பங்கிலிருந்து பிரிந்து தனி அமைப்பாகி, பலமுறை வெற்றிவாகை சூடிய அந்த அணி, 90 ஆண்டுகளுக்குப் பின் 2024இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. 1980களில் நடந்ததாகக் கூறப்படும் பாலியல் கொடுமை குறித்து அதன்மீது தொடரப்பட்ட வழக்கும், அதன் நிதிச்சுமையும் அதற்குக் காரணமாயின. இதை யாரையும் தீர்ப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. திருஅவையாகிய நமக்கும் இந்தக் காயம் புதிதல்ல. கோப்பைகளின் வரிசை எவ்வளவு நீளமானாலும், பிள்ளைகளின் பாதுகாப்பில் விழும் ஓட்டையை அது அடைக்காது.

ஆகவே முதல் கருவி வாங்குமுன் முதல் விதியை எழுத வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். தனி வண்டிப் பயணமும், கைப்பேசியில் தனிச்செய்தியும் வேண்டாம். பொறுப்பேற்போரின் பின்னணியை விசாரித்தறிய வேண்டும். புகார் செய்ய இயக்குநரைத் தவிர வேறொருவர் இருக்க வேண்டும்; அவர் பெயர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடல்நலமும் பாதுகாப்பில் அடங்கும். வெயிலில் தண்ணீரும் நிழலும் இடைவேளையும் தேவை. முரசுக்கு அருகில் நிற்போர்க்குக் காதடைப்பான் தேவை. "நல்ல மனிதர்தான், விதி எதற்கு?" என்று நாம் கேட்பதுண்டு. நல்ல மனிதருக்கு விதி தடையாக இருப்பதில்லை. அது அவரையும் காக்கிறது.

இறுதியாக ஒரு காட்சி. திடலில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணத்திலும் ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். ஒருவர் நோயுற்று வராவிட்டால், அவர் இடம் வெறுமையாகவே அணியோடு நகரும். வட்டத்தில் ஒரு பல் விழுந்தது போலத் தெரியும். மேல்மாடத்தில் அமர்ந்திருப்பவர்கூட அதைக் காண்பார். நூற்றைம்பது பேர் கொண்ட அணியில் ஒரு வெற்றிடம் கண்ணில் படாமல் போகலாம். முப்பது பேரில் அது உறுத்தும். உடலின் உறுப்புகளுள் வலுவற்றவையாகத் தோன்றுபவையே மிகத் தேவையானவை என்று புனித பவுல் கொரிந்தியர்க்கு எழுதியதன் பொருள் அப்போது விளங்கும்.

நம் பங்கில் அணி தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் இந்தக் கேள்வி நமக்கு உண்டு. ஞாயிறு திருப்பலியில் ஓர் இருக்கை காலியாக இருந்தால் நமக்கு அது தெரிகிறதா? மறைக்கல்விக்கு வருவதை நிறுத்திய பிள்ளையின் இடம் நம் கண்ணில் உறுத்துகிறதா? எக்காளம் தெளிவாக ஒலிக்காவிட்டால் யார் போருக்கு ஆயத்தமாவார் என்று அதே மடலில் கேட்கிறார் பவுல். தெளிவான ஒலி எண்ணிக்கையால் வருவதில்லை. ஒருவர் மற்றவருக்காகத் தன் நடையைச் சுருக்கி, தன் மூச்சை அளந்து, தன் காதைவிட வழிநடத்துபவரின் கையை நம்பும்போது வருகிறது. கிதியோனின் முந்நூறு பேரும் அப்படித்தான் நின்றார்கள்.

இந்த வாரம், காலியாக இருக்கும் ஓர் இடத்துக்குரியவரை வீடு தேடிச் சென்று பார்ப்போம். இறையாசீர் உங்களோடு இருப்பதாக!